பருப்பும் தானியமும் கைகோத்தால் பர்கரும் சாப்பாடுதான்!

"டாக்டர், பருப்பு சாதம்னா என் பையன் எழுந்து ஓடிடறான். சுண்டல் பண்ணினா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. பர்கர்னா மட்டும் ரெண்டு கேட்கிறான். இதை நிறுத்த ஏதாவது மருந்து இருக்கா?"

இப்படிக் கேட்கிற தாய்மார்கள் இப்போது அதிகம். நிறுத்துவதற்கு மருந்து எதுவும் கிடையாது. நிறுத்தவும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பையன் கேட்கிற பர்கரையே பருப்பு சாதமாக மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன? அதற்கான பாடம்தான் இந்தக் கட்டுரை. ஒரு முறை புரிந்துகொண்டு செய்து பாருங்கள். பிறகு நீங்களே உங்கள் வீட்டு ருசிக்கு ஏற்ப விதவிதமாகச் செய்யத் தொடங்கிவிடுவீர்கள்.

வயிறு நிறைந்த பட்டினி

பர்கர் என்றால் என்ன? வட்டமான பன் ஒன்றைக் குறுக்கே அறுத்து, நடுவில் ஒரு கட்லெட், கொஞ்சம் காய், ஏதாவது ஒரு சட்னி. மும்பைக்காரர்களின் வடா பாவுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி, அவ்வளவுதான். இதில் பயப்பட ஒன்றுமில்லை. நடுவில் இருக்கும் கட்லெட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் சைவ பர்கர்களில் பெரும்பாலும் இருப்பது உருளைக்கிழங்கு. அதன் மேல் மைதாக் கரைசல், ரொட்டித் தூள். அதைச் சுற்றி மைதா பன். மாவுக்குள் மாவு, அதற்குள்ளும் மாவு! நூறு கிராம் உருளைக்கிழங்கில் புரதச் சத்து சுமார் ஒன்றரை கிராம்தான். அதே நூறு கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கொள்ளு, ராஜ்மா எதை எடுத்துக்கொண்டாலும் 19 முதல் 22 கிராம் வரை புரதம் இருக்கிறது. ஊறி வெந்த பயறு தண்ணீரை உறிஞ்சி இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடிவிடும் என்பதையும் கணக்கில் கொண்டு பார்த்தால்கூட, உருளைக்கிழங்கைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 43 முதல் 45 கிராம் புரதம் தேவை. அசைவம் சாப்பிடாத வீட்டில் அது எங்கிருந்து வரும்? பால், தயிர், பருப்பு, பயறு, கொஞ்சம் வேர்க்கடலை... இவ்வளவுதான் வழி. காலையில் அவசரமாக இரண்டு தோசை, மதியம் தயிர் சாதம், மாலையில் பிஸ்கட், ராத்திரி நூடுல்ஸ் அல்லது உருளைக்கிழங்கு பர்கர் என்று ஒரு பிள்ளையின் நாள் போனால், வயிறு நிறையும், உடம்பு நிறையாது. இதை 'வயிறு நிறைந்த பட்டினி' என்றுதான் சொல்ல வேண்டும்.

சித்த மருத்துவத்தில் உடல் தாதுக்கள் ஏழு என்பார்கள். சாப்பிட்ட உணவு முதலில் சாரமாகிறது. அதிலிருந்து செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு என்று ஒவ்வொன்றாகப் போஷாக்குப் பெறுகின்றன. சாரமே வெறும் மாவாக இருந்தால் மற்றவை எப்படித் திடமாகும்? குதிரைபோல் ஓட வேண்டிய வயசில் பிள்ளை நாலு படி ஏறிவிட்டு மூச்சு வாங்கினால், டானிக் பாட்டிலைத் தேடுவதற்கு முன் தட்டைப் பாருங்கள். தட்டு சரியாக இருந்தும் களைப்பு தொடர்ந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பருப்பு தனியாக இருந்தால் போதாதா?

நியாயமான கேள்வி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சின்னச் சின்ன மணிகளால் கோத்த மாலை. சில மணிகளை நம் உடம்பே தயாரித்துக்கொள்ளும். சிலவற்றைச் சாப்பாட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

அரிசி, கோதுமை, சிறுதானியங்களில் லைசின் என்ற மணி குறைவு. பயறுகளில் அது தாராளம். பயறுகளில் மெத்தியோனின் என்ற மணி குறைவு. தானியங்களில் அது தேவைக்கு இருக்கிறது. நம் வீட்டில் காப்பித்தூள் தீர்ந்துபோய், எதிர் வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனால் என்ன செய்வோம்? ஒரு கிண்ணம் இங்கிருந்து அங்கே போகும், ஒரு கிண்ணம் அங்கிருந்து இங்கே வரும். இரண்டு வீட்டிலும் காப்பி மணக்கும். அதே கதைதான் இது.

இந்த அமினோ அமிலக் கணக்கெல்லாம் தெரியாத காலத்திலேயே நம் சமையலறை இதைப் பிடித்துவிட்டது. இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. பொங்கலுக்கு அரிசியும் பாசிப்பருப்பும். அடைக்கு அரிசியோடு மூன்று நாலு வகைப் பருப்பு. இவையெல்லாம் நம் பாட்டிகள் போட்ட கணக்கு. பர்கரிலும் அதே கணக்கைப் போடுவோம். பன் என்பது ஏற்கெனவே தானியம். கட்லெட்டில் பயறை முக்கியமாக வைத்து, கொஞ்சம் சிறுதானியம் சேர்த்தால் ஜோடி கூடிவிடுகிறது.

இரண்டும் ஒரே வாயில், ஒரே வேளையில் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்றைய நாளுக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். ஆனால், பருப்பு என்றாலே ஓடுகிற பிள்ளைக்கு அடுத்த வேளை பருப்பு உள்ளே போகும் என்பதற்கு யார் உத்தரவாதம் தருவது? அதனால் ஒரே தட்டில் முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பயறு, தானியம் வைத்து பர்கர் செய்வது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பால் வென்னர் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் தன் சைவ உணவகத்தில் மீந்துபோன சோற்றையும் காய்களையும் வைத்துத் தட்டிய கட்லெட்தான் பிற்பாடு 'கார்டன்பர்கர்' என்று பேர் வாங்கியது. லண்டனில் கிரிகரி சாம்ஸ் 1982-இல் 'வெஜிபர்கர்' என்ற பெயரில் உலர்ந்த கலவையாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார். மீந்த சோற்றை வீணாக்காமல் வேறொன்றாக மாற்றும் வித்தை நமக்குத் தெரியாததா என்ன?

'பயறு வாயு ஆச்சே!'

பெரியவர்கள் முதலில் சொல்லும் ஆட்சேபணை இது. அதில் உண்மை இருக்கிறது. சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்று மூன்றைச் சொல்கிறது. வாதம், பித்தம், கபம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பதுதான். பெரும்பாலான பயறுகள் வளியைத் தூண்டுபவை. அதில் பச்சைப்பயறு லேசானது, எளிதில் செரிக்கும். கொண்டைக்கடலையும் மொச்சையும் மந்தம் தரும். கொள்ளு சூடு.

இன்றைய விஞ்ஞானமும் இதற்கு ஒரு காரணம் சொல்கிறது. பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்க வைப்பதால் வாயு உண்டாகிறது. இதைத் தடுக்க நாலு வழிகள்:

1. பயறை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் வேக விடுங்கள். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும்.

2. முளை கட்டினால் இன்னும் நல்லது. முளை வரும்போது பயறே அந்தச் சர்க்கரைகளைச் செலவழித்துக்கொள்கிறது. இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபைடிக் அமிலமும் குறைகிறது. ஆனால், முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேக வைத்தே கொடுங்கள். ஈரமும் கதகதப்பும் சேர்ந்த இடத்தில் கிருமிகளும் வளரும்.

3. பெருங்காயம், சீரகம், சுக்கு, ஓமம், பூண்டு இவற்றில் இரண்டாவது கட்லெட்டில் இருக்கட்டும். செரிமானத்தைத் தூண்டி, வாயுவைக் கலைப்பவை என்று சித்த மருத்துவம் இவற்றைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது.

4. பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடல் பழகப் பழகத் தொல்லை குறையும்.

சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடுகிற வழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டாம். பயறில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அதில் அழிந்துவிடும்.

மசால் வடை ஏன் உடைவதில்லை?

பயறு கட்லெட் செய்தவர்களின் பொதுவான புகார், "கல்லில் போட்டதும் உதிர்ந்து உப்புமா ஆயிடுது டாக்டர்!" என்பதுதான். காரணம் தெரிந்தால் பிரச்சினை தீர்ந்தது.

மசால் வடைக்கு நாம் பருப்பை வேக வைப்பதில்லை. ஊற வைத்துப் பச்சையாக அரைக்கிறோம். எண்ணெயின் சூட்டில் அந்தப் பச்சைமாவு வெந்து, பசையாகி, தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. வெந்த கொண்டைக்கடலையில் அந்தப் பசை வேலை குக்கரிலேயே முடிந்துவிட்டது. அதற்கு வெளியிலிருந்து ஒரு பிடிமானம் வேண்டும். அந்த வேலையைத்தான் குழைய வேக வைத்த சாமைச் சோறும், பொட்டுக்கடலை மாவும் செய்கின்றன. தானியம் இங்கே சத்துக்கும் துணை, பிடிமானத்துக்கும் துணை.

இன்னொரு எதிரி, தண்ணீர். வெந்த பயறில் ஈரம் இருந்தால் எவ்வளவு மாவு போட்டாலும் கலவை சொதசொதவென்றுதான் இருக்கும். மாவை அதிகம் சேர்க்கச் சேர்க்க கட்லெட் கல்லாகிவிடும். ஆகவே பயறை வடிகட்டி, சுத்தமான துணியில் பரப்பி, ஈரம் போக ஆற விட்ட பிறகே மசியுங்கள்.

கொண்டைக்கடலை - சாமை பர்கர்

தேவையானவை (10 கட்லெட்டுக்கு): கொண்டைக்கடலை 200 கிராம், சாமை அரிசி 75 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 25 கிராம், உருளைக்கிழங்கு சின்னதாக 1, பெரிய வெங்காயம் 1, கேரட் 1, இஞ்சி ஒரு துண்டு, பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 2, சீரகம் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், பெருங்காயத்தூள் கால் டீஸ்பூன், பொட்டுக்கடலை மாவு 2 முதல் 3 டேபிள்ஸ்பூன், கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் பாதி, உப்பு, எண்ணெய் தேவைக்கு.

செய்முறை:

முதல் நாள் இரவே கடலையை ஊறப் போடுங்கள். மறுநாள் அலசி, புதுத் தண்ணீர் விட்டுக் குக்கரில் நாலைந்து விசில் வந்ததும் தணலைக் குறைத்துப் பத்து நிமிஷம் வையுங்கள். இரண்டு விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். குழைந்து கரையக் கூடாது. வடித்த தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாயுத் தொல்லை அதிகம் உள்ள வீடுகளில் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

சாமையை ஒன்றுக்கு இரண்டு அளவு தண்ணீர் விட்டுக் குழைய வேக வைத்து ஆற விடுங்கள். உருளைக்கிழங்கைத் தனியாக வேக வைத்துத் தோலுரியுங்கள்.

வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு சீரகம், பெருங்காயம், பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம் இவற்றை வதக்குங்கள். துருவிய கேரட்டையும் சேர்த்து, தண்ணீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். இது முக்கியம். பச்சை வெங்காயத்தை அப்படியே சேர்த்தால் அது கல்லில் தண்ணீர் விட்டு கட்லெட்டை உடைத்துவிடும்.

ஆறிய கடலையை மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் களியாகிவிடும். முக்கால்வாசி மசிந்து, கால்வாசி ஒன்றிரண்டாக இருந்தால்தான் கடித்துச் சாப்பிட நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்கும் மென்று சாப்பிடும் பழக்கம் வரும். இதோடு சாமை, உருளைக்கிழங்கு, ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை, வதக்கியவை, மிளகுத்தூள், கொத்தமல்லி, உப்பு சேர்த்துப் பிசையுங்கள். பொட்டுக்கடலை மாவைக் கடைசியில், கொஞ்சங்கொஞ்சமாகச் சேருங்கள். உருட்டினால் கையில் ஒட்டாமல், விரிசல் விடாமல் வர வேண்டும். அதுதான் பதம்.

கலவையை மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்தால் மாவுச் சத்து இறுகி, கட்லெட் கட்டிக்கொள்ளும். பிறகு பத்துப் பங்காகப் பிரித்து, பன்னைவிடச் சற்றே அகலமாக, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில் தட்டுங்கள். ஓரத்தில் விரிசல் இருந்தால் ஈரக் கையால் தடவிவிடுங்கள்.

இரும்பு தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் தணலை மிதமாக்கி, கட்லெட்டுக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில் எண்ணெய் விட்டுச் சுடுங்கள். ஒரு பக்கம் நாலைந்து நிமிஷம் கை வைக்காதீர்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகிவிட்டால் தானே கல்லை விட்டு வரும். அவசரப்பட்டுத் திருப்பினால் பாதி கல்லிலேயே தங்கிவிடும். முதலில் நெல்லிக்காய் அளவு ஒன்றைச் சோதனைக்குச் சுட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு; வறண்டு கெட்டியாக வந்தால் ஒரு ஸ்பூன் தயிர். எல்லாவற்றையும் கல்லில் போட்டுவிட்டு வருத்தப்பட வேண்டாம்.

பரிமாறும்போது கட்லெட் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துவிடுங்கள். எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி, பயறில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்ச உதவும். பர்கர் சாப்பிட்ட கையோடு காப்பி, டீ வேண்டாம். அவை இரும்புச் சத்தை உறிஞ்ச விடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.

இப்படிச் செய்த ஒரு கட்லெட்டில் ஐந்து கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். பன்னையும் தயிர்ச் சட்னியையும் சேர்த்தால் ஒரு பர்கருக்குச் சுமார் பத்து கிராம். வளரும் பிள்ளையின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஒரு டம்ளர் பால் கூட இருந்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது!

பச்சைப்பயறு - சிவப்பு அவல் பர்கர்

சின்னக் குழந்தைகளுக்கும், வயதானவர்களுக்கும், செரிமானம் மந்தமாக இருப்பவர்களுக்கும் இதுதான் பொருத்தம். 200 கிராம் பச்சைப்பயறை ஊற வைத்து, முளை கட்டி, ஆவியில் பதினைந்து நிமிஷம் வேக வைத்து ஆற விடுங்கள். பயறு நன்றாக வெந்து மசிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முக்கால் கப் சிவப்பு அவலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஊறியதும் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மசித்து, முன்பு சொன்னபடி வதக்கிய வெங்காயம், இஞ்சி, சீரகம், ஒரு சிட்டிகை சுக்குத்தூள் சேர்த்துப் பிசைந்து தட்டுங்கள். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை வதக்கிச் சேர்த்தால் மணமும் சத்தும் கூடும். அவல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் இதற்குப் பொட்டுக்கடலை மாவு பெரும்பாலும் தேவைப்படாது.

பல் இல்லாத தாத்தா பாட்டிக்கு பன் வேண்டாம். மிருதுவான இட்லியை இரண்டாக அறுத்து நடுவில் வைத்துக் கொடுங்கள். பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களும் 'பர்கர்' சாப்பிட்டதாக இருக்கட்டும்!

ராஜ்மா போடுகிறீர்களா? இதைப் படியுங்கள்

ராஜ்மாவும் கோதுமை ரவையும் சேர்த்து அருமையான கட்லெட் வரும். அளவெல்லாம் கொண்டைக்கடலைக்குச் சொன்னதுதான். சாமைக்குப் பதில் கோதுமை ரவையைக் குழைய வேக வைத்துச் சேர்க்க வேண்டும். ஆனால், ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது.

பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. சரியாக வேகாத ராஜ்மா நாலைந்து வயிற்றுக்குள் போனாலே, சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க விட்டால் அது அழிந்துவிடும். குக்கரில் நன்றாக மசியும்வரை வேக வைத்தால் பயமே இல்லை. கொதிநிலைக்குக் கீழே, வெதுவெதுப்பான சூட்டில் மணிக்கணக்காக வைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் மட்டும் ராஜ்மாவை நேராகப் போடாதீர்கள். அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது. வடைக்கு அரைப்பதுபோல ராஜ்மாவைப் பச்சையாக அரைத்துத் தட்டுவதும் கூடவே கூடாது. நடுவில் வேகாமல் நின்றுவிட்டால் ஆபத்து.

பன்னும் சட்னியும்

கட்லெட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, மற்றதில் கோட்டை விடக் கூடாது.

பேக்கரியில் கோதுமை பன் என்று கேட்டு வாங்குங்கள். நிறம் பழுப்பாக இருந்தால் மட்டும் அது கோதுமை ஆகிவிடாது. நிறத்துக்காக வெல்லப்பாகு, கேரமல் சேர்ப்பதும் உண்டு. உறையில் அச்சிட்டிருக்கும் பட்டியலில் முதலில் எது இருக்கிறது என்று பாருங்கள். அதிக அளவில் சேர்த்த பொருள்தான் முதலில் வரும். நல்ல பன் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கனமாக ஊற்றிய சின்ன ஊத்தப்பம் இரண்டு, அல்லது தடிமனான கோதுமை ரொட்டி இரண்டு போதும். வட்டமாக இருந்தால் பிள்ளைகளுக்கு அது பர்கர்தான்.

மயோனைசுக்குப் பதிலாகக் கெட்டித் தயிர். தயிரை மெல்லிய துணியில் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வடிய விட்டு, அதில் அரைத்த புதினா, கொத்தமல்லி, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் மிளகுத்தூள் கலந்தால் பன்னில் தடவ வெண்ணெய்போல வரும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வளரும் ஆபத்து உண்டு. 2025 ஏப்ரலில் தமிழக அரசு அதற்கு ஓராண்டுத் தடை விதித்ததற்கும் காரணம் இதுதான்.

உப்பிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. பன்னில் உப்பு இருக்கிறது, சாஸில் இருக்கிறது, சீஸில் இருக்கிறது. ஆகவே கட்லெட்டில் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். எலுமிச்சையும் மிளகும் அந்தக் குறையைத் தெரியாமல் செய்துவிடும்.

நடுவில் வெள்ளரி, தக்காளி வட்டங்கள், லேசாக வதக்கிய முட்டைக்கோஸ்... இவை எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான்.

யாருக்கு எப்படி?

சர்க்கரை நோயாளிகள்: பன்னின் மேல் பாதியை எடுத்துவிட்டு, கீழ்ப் பாதியில் கட்லெட்டும் நிறையக் காயும் வைத்துச் சாப்பிடலாம். பயறும் நார்ச்சத்தும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதைத் தணிக்கும். அதற்காக இரண்டு மூன்று என்று போகக் கூடாது. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: இவர்களுக்கு 'பயறு நல்லது' என்ற பொதுவான அறிவுரை பொருந்தாது. புரதம், பொட்டாசியம் இரண்டிலும் அளவு பார்க்க வேண்டியிருக்கும். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள்: அதை அறவே விட்டுவிடுங்கள். வறுத்த எள் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். அதுவும் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தால் மட்டும்.

மலச்சிக்கல் உள்ளவர்கள்: பயறு, சிறுதானியம் இரண்டிலும் நார்ச்சத்து இருக்கிறது. ஆனால் தண்ணீர் போதுமான அளவு குடிக்காவிட்டால் அதே நார்ச்சத்து சிக்கலைக் கூட்டிவிடும்.

டிபன் பாக்ஸுக்கும் ஃபிரிட்ஜுக்கும்

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்போது தயிர்ச் சட்னியும் பச்சைக் காயும் வேண்டாம். மதியத்துக்குள் பன் ஊறிப்போகும், தயிரும் புளித்துவிடும். காலையில் சுட்ட கட்லெட்டை நன்றாக ஆற விட்டு, பன்னில் புதினாத் துவையல் மெல்லியதாகத் தடவி வைத்துக் கொடுங்கள். சூடாக மூடினால் ஆவி தண்ணீராகி இறங்கும்.

வெந்த பயறையும் சோற்றையும் சமையல் மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். வெந்த தானியத்தில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மீந்த சோற்றை கட்லெட்டில் சேர்ப்பதானால் உடனுக்குடன் ஃபிரிட்ஜில் வைத்த சோறாக இருக்கட்டும். தட்டிய கட்லெட்டுகளை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். ஃபிரீசரில், நடுவில் ஒரு காகிதம் வைத்து அடுக்கி மூடினால் ஒரு மாதம் தாங்கும். வேலைக்குப் போகிற பெண்களுக்கு இது பெரிய உதவி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அந்த வாரத்தில் மூன்று மாலைகள் சமாளித்துவிடலாம்.

கடைசியாக ஒரு யோசனை. கட்லெட் தட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். தன் கையால் தட்டியதைத் தின்னாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. 'இதில் கடலை இருக்கு, சாமை இருக்கு' என்று பாடம் நடத்த வேண்டாம். ஊற வைத்தது, வடித்தது, மசித்தது எல்லாவற்றையும் அவர்களே பார்த்துவிடுவார்கள். எது தின்பண்டம், எது சாப்பாடு என்கிற வித்தியாசம் ஒரு பிள்ளைக்குச் சமையலறையிலேயே புரிந்துவிட்டால், நாளைக்கு அது விடுதியில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும், ஒரு கைப்பிடி பயறை இரவே ஊறப் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போகும்.